பிராக் சதுக்கத்தில் ஓங்கிய கோடரி

அன்புள்ள அம்மாவுக்கு,

கங்கா வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று கம்பெனிப் பயிற்சிக்கு விடுமுறை. என்னோடு வந்திருக்கும் ஷாரோனும் நானும் பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். பழைய சதுக்கத்தில் பெரிய கூட்டம். முகமூடி போட்ட ஒருவன், ஒரு வாலிபனின் கையைக் கட்டையில் அழுத்திக் கோடரியை ஓங்கினான்.

தம்பிக்கு நடந்த பிறகு, ஒரகடம் ஃபேக்டரி லைனில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் யார் கை தெரிந்தாலும் “கை!” என்று கத்திக்கொண்டு பாய்வோம் இல்லையா? அப்படியே பாய்ந்துவிட்டேன். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் முகமூடிக்காரன் மூக்கில் ஓங்கிப் போட்டேன். ரத்தம் கொட்டியது. மறுபடியும் அடித்தேன்.

“இன்னாக்கா பண்ற? டிராமாக்கா அது, வுடு!” என்று ஷாரோன் இழுத்தாள். மரத்தில் செய்த கை கல்தரையில் உருண்டது. கூட்டம் கைதட்டியது. அந்த வாலிபன் சிரித்தபடி, சட்டைக்குள் மறைத்திருந்த நிஜக் கையை நீட்டிக் காட்டினான். முழுசாக, ஐந்து விரலோடு. அதைப் பார்த்த பிறகும் இன்னொரு அடி போட்டேன், அம்மா.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர்கள் போலீஸுக்குப் போகவில்லை. பயப்படாதே.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. தம்பி இடது கையால் சாப்பிடப் பழகினானா, இன்னும் நீதான் ஊட்டுகிறாயா? அதை மட்டும் எழுது.

கங்கா