வீட்டில் துவக்கு இல்லை

மார்ச் 4, செவ்வாய்

வித்தியா துவக்கு உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கும் தகப்பன் என்பதால் அதிகாரி வந்து என்னையும் விசாரிப்பாராம். உரிமம் கிடைத்தால், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் மே மாதப் போட்டியில் கிளப் அணியில் இடம். இதுவரை மற்றவர்களின் மேற்பார்வையில், இரவல் துவக்கால்தான் சுட்டாள். அவளுடைய அலமாரிக்குள் இரும்புப் பெட்டகம் ஒன்றைச் சுவரோடு முடுக்கியிருக்கிறார்கள். வெறும் பெட்டகம்தான். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

முட்டாள் பதில் சொல்லிவிடக் கூடாதென்று நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். தொடக்கத்தில் இங்கிலாந்தில் உயிர்ப் புறாக்களைத்தான் சுட்டார்கள். குழியில் வைத்து, பழைய தொப்பியால் மூடி, கயிற்றை இழுத்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்தக் கயிறு போய்விட்டது. தட்டை எறியச் சொல்லி வித்தியா இன்றும் ஆங்கிலத்தில் 'புல்', அதாவது 'இழு' என்றுதான் கூப்பிடுகிறாள். பிறகு கண்ணாடி உருண்டை, அதற்குள் இறகுகள். உடையும்போது இறகு பறக்க வேண்டுமாம், பார்ப்பவர்களுக்கு. துவக்குக் குழலின் வாயைச் சற்றே ஒடுக்கிச் சன்னங்கள் சிதறாமல் செய்ததும் அந்தக் காலத்தில்தான். கடைசியாகக் களிமண் தட்டு. கொல்வதிலிருந்து மெல்ல விலகி வந்த விளையாட்டு என்று அதிகாரியிடம் சொல்லலாம். சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா?

வித்தியா சிரித்தாள். "அவர் சோதனை வைக்க வரேல்லை அப்பா. கேட்டதுக்கு ஓம் எண்டால் காணும்."

மார்ச் 14, வெள்ளி

அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். வித்தியா வேலைக்குப் போயிருந்தாள். மகள் துவக்கை எங்கே வைப்பாள் என்று தெரியுமா என்றார்.

"இந்த வீட்டில் துவக்கு இல்லை. ஒருவரும் தொட்டதுமில்லை."

நான்தான் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சோதனைக்கு வந்தவர்களிடம் அப்படித்தானே சொன்னோம் — கேள்வி முடியுமுன் பதில் வரவேண்டும். மகள் சுடுவது தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தெரியாது! தொப்பி, இறகு, களிமண், ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

மார்ச் 15, சனி

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் சுடுகிறாளோ என்று சந்தேகம். வித்தியா கத்தவில்லை. "பயமெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அப்பா."

பயமில்லை பிள்ளை, பழக்கம் — இதை அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன மனுசன் நான்?

மே 18, ஞாயிறு

போட்டி நடந்தது. அவளுடைய இடத்தில் வேறொருவர் சுட்டாராம்.

ஜூன் 22, ஞாயிறு

வித்தியா தெற்கே பாபகூராவில் வாடகைக்கு வீடு எடுத்துப் போய்விட்டாள். வேலைக்குக் கிட்டவாம். உரிமத்துக்கு இனி என்னை விசாரிக்கத் தேவையில்லை. எனக்குப் பதிலாகக் கிளப் சிநேகிதியின் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பெட்டகத்தையும் கழற்றிக்கொண்டு போனாள். அலமாரிச் சுவரில் நான்கு துளைகள்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

உரிமம் வந்துவிட்டது, இன்று போட்டி என்று போனில் சொல்லியிருந்தாள். வரச் சொல்லவில்லை. பாபகூராவுக்கு ரயிலில் போய், கிளப் மைதானத்துக்கு டாக்ஸி பிடித்தேன். முதல் வெடிக்கு என்னை அறியாமல் நிலத்தில் குந்திவிட்டேன். சொசேஜ் விற்றவர் யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டார். என் மகளை, அவளிடம் துவக்கு இருக்கிறது என்றேன். இங்கே எல்லோரிடமும்தான் இருக்கிறது என்று சிரித்தார்.

"தனியவா வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள் வித்தியா. காரில் பாபடோயிட்டோய் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன்.

"பின்னுக்குத் துவக்கு கிடக்கு அப்பா. காரில விட்டிட்டு வரேலாது. சட்டம்."

உள்ளே கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம். அது வாய்க்கு வந்தபோது கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.