அப்பன் குரல்

ஆடி, வெள்ளிக்கிழமை ராத்திரி

அருப்புக்கோட்டையில இன்னைக்கு ஃபோர்-டி ஸ்கேன். வயித்துக்குள்ள பிள்ளை கொட்டாவி விட்டதைத் திரையில பாத்து அப்படியே கிடந்தேன். அப்பப் பாத்து என் வீட்டுக்காரவுகளுக்கு போன் வந்துச்சு. அந்த ரூமுக்குள்ளயே நின்னு லாரி டிரைவர்கிட்ட, "ஏலே, லோடு ஏத்தியாச்சா இல்லையாலே?"ன்னு ஒரே கத்து. பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிச்சு.

"மெதுவாப் பேசுங்க, குழந்தை மிரளுது"ன்னாங்க டாக்டரம்மா.

இந்த மகராசன் சிரிக்கிறாக. "அப்பன் குரல் தெரியுது, பாத்தீகளா!"

ஊருக்கு வந்ததும் தெருப்பூரா இதே பெருமைதான். தூ!

தெரியாம என்ன? ஏழு மாசமா உள்ள இருந்து கேக்குதுல்ல. இவுக கையை ஓங்குனா நானும் அப்படித்தான் முகத்தை மூடுவேன். ஒரு அடிகூட வாங்காமயே கத்துக்கிருச்சு பிள்ளை.