புதன்கிழமை வீடு

சேசு மரி சூசை துணை

பென்னாகரம்,
12-7-1987

அன்பு மகள் ராஜமேரிக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தள்ளிவிடாதே, இந்தத் தடவை அழுத்தியே எழுதுகிறேன், நான் நலம், கை கால் அசைகிறது, காலையில் இரண்டு உருண்டை களி தின்றேன். அம்மாவும் நலம். நீயும் உன் சென்னை விடுதிச் சோற்றோடு சண்டை போட்டுக்கொண்டு நலமாகவே இருப்பாய். இங்கே மழை பெய்கிற மாதிரி வந்து காட்டிவிட்டுப் போகிறது, கடலை முளைத்துவிட்டது, களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்கு உன் பெயரை வைத்திருக்கிறாள் அம்மா, ஓயாமல் கத்துகிறதாம்.

நலம் என்று இத்தனை தடவை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் பூசையில் என் ஆத்துமம் இளைப்பாற வேண்டிக்கொண்டார்கள். புதிதாக வந்திருக்கிற உபதேசியார் காகிதத்தைப் பார்த்து, மரித்த யாகப்பன் ஆத்துமத்துக்காக என்று வாசித்தார். நான் ஆண்கள் பக்கம் தூண் ஓரத்தில் இருந்தேன். ஊரில் யாகப்பன்கள் ஏழெட்டுப் பேர் உண்டே, யாரோ பாவம் என்று நானும் முழந்தாள் போட்டு எனக்கே ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவர், பஸ் டிரைவர், மதலேனம்மாளின் கணவர் என்று மிச்சத்தையும் வாசித்துவிட்டார். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்து நிற்பதா முழந்தாளிலேயே இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்து விசாரித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. நீயும் உன் சிநேகிதிகள் இருவரும் கல்லூரி வீடியோ கேமராவோடு வந்து நம் வீட்டில் படம் எடுத்தீர்களே, அந்த வாரம் அம்மாவோடு சின்ன வயதில் ஒன்றாய்ப் படித்த ராயம்மாள் கோலாரிலிருந்து வந்திருக்கிறாள். வாசல் பக்கம் வெளிச்சத்தை மறைக்க நீங்கள் கறுப்புத் துணி கட்டியிருந்தீர்களாம், அதனால் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறாள், கேமராவும் நீங்களும் அவள் கண்ணில் படவில்லை. உள்ளே என் போட்டோவுக்குச் சந்தன மாலை, அதன் கீழே அம்மா தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். அழுகிற வீட்டில் போய் என்ன கேட்பது என்று அவள் பேசாமல் திரும்பி, வழியில் கோயிலில் என் பெயருக்குப் பூசைக் காணிக்கை கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பார்த்ததைத்தானே நம்புவாள். காணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று சாமியாரைக் கேட்டேன், யாகப்பா, செபம் எதுவும் வீணாகாது, முன்கூட்டியே கணக்கில் இருக்கட்டும் என்றார். ராயம்மாளுக்கு நானே கார்டு எழுதினால் என் கையெழுத்தைப் பார்த்து மயக்கம் போட்டுவிடுவாள் என்று அம்மா பெயரில் எழுதிப் போட்டோம்.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது பாப்பா. அம்மா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உன் கடிதமும் வந்து சேர்ந்தது. பேச்சே இல்லாமல், ஒரு ஆளின் குணத்தையும் வாழ்க்கையையும் அவர் இருக்கிற அறை, உடுத்தின துணி, விழுகிற வெளிச்சம், சாமான் இருக்கிற இடம் இவற்றை வைத்தே காட்ட வேண்டும் என்பதுதான் உங்களுக்குக் கொடுத்த வேலை, அதற்கு மிஸான்சேன் என்று பேர் என்று எழுதியிருந்தாய். எனக்கு வாயில் நுழையவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. படத்தில் என்னென்ன வருகிறது என்றும் எழுதியிருந்தாய்: பாத்திரம் அடுக்குகிற தண்டவாளப் பலகையில் ஒரே ஒரு வட்டில், சாய்த்து நிறுத்திய கட்டில், நாற்காலியில் உட்கார ஆளில்லாமல் விதைக்கடலை மூட்டை, ரேடியோவின் மேல் துணி, கூடத்தில் எரியாத பல்பு, சமையலறை வெளிச்சத்தில் கதவோரமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தி. படித்துவிட்டு நம் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கற்பனை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகஸ்டில் கல்லூரியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள், மதிப்பெண் அதற்குத்தான், அம்மா சரி என்றால்தான் கொடுப்பேன் என்று நீ எழுதியது எனக்குப் பிடித்தது. ஆனால் அம்மா முடியாது என்றாள். காட்ட வேணாம்னு எழுதிடுங்க என்றாள். மாலை போட்டதை அபசகுனம் என்று நினைக்கிறாளாக்கும் என்று நான் மாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு, போட்டோவை மறுபடி அதே ஆணியில் மாட்டி, பக்கத்தில் நின்று சிரித்துக்கூடக் காட்டினேன். அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். நானும் ஓசூருக்கு டூட்டிக்குப் போய்விட்டேன்.

இந்த வாரம் ஓசூரிலிருந்து நான் ஓட்டுகிற மதுரை வண்டி பட்டறைக்குப் போய்விட்டது. மாற்று வண்டி இல்லை, ஊருக்குப் போய்விட்டு வா யாகப்பா என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அதனால் புதன்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் சனிக்கிழமை தவிர வேறு நாளில் நான் வீட்டுக்கு வந்ததே இல்லை என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனால் உன் படம். கட்டில் சுவரில் சாய்ந்திருக்கிறது. நாற்காலியில் மூட்டை. ரேடியோவுக்குத் துணி. கூடத்து பல்பைப் போட்டேன், எரியவில்லை. சமையலறைக் கதவோரம் அம்மா ஒற்றை வட்டிலில் களியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து மூட்டையை இறக்கவும் கட்டிலைப் போடவும் ஓடினாள். உன் பெண் எடுத்து வைத்ததை இன்னும் மாற்றவில்லையா என்றுதான் நான் கேட்டேன், என் அறிவு அவ்வளவுதான்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவ எதயும் மாத்தலீங்க, மாலை ஒண்ணுதான் வாங்கியாந்தா, மத்ததெல்லாம் வூடும் நானும் இருந்தபடிதான். ஒருத்திக்கு எதுக்குங்க கட்டிலும் ரேடியாவும் நாலு வட்டிலும், நீங்க வர்றன்னிக்கு எடுத்துப் போட்டா ஆச்சு. மாலைக்காக நான் வேணாம்னு சொல்லலீங்க. மதலேனம் இப்பிடியா இருக்கறான்னு மெட்ராசுல நாலு பேரு பாக்க வேணாம்னுதான் சொன்னேன் என்றாள். கூடத்து பல்பு எப்போது போனது என்று கேட்டேன், ஈஸ்டருக்கு முந்தியே போச்சுங்க, சனிக்கிழமைக்குச் சமையலறை பல்பைக் கழட்டி இங்க போட்டுக்குவேன் என்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமைதோறும் நான் பார்த்து வந்த வீடு, விரித்த கட்டில், பாடுகிற ரேடியோ, வெளிச்சமான கூடம், அதுதான் பாப்பா அம்மா எனக்காக எடுத்து வைத்தது. உன் கல்லூரிக்குப் போகாமலே வாரம் தவறாமல் செய்திருக்கிறாள். நீ கேமராவை வைத்தது மற்ற நாளில். உன்மேல் வருத்தமா என்றால், கொஞ்சம் உண்டு. இதைக் கண்டுபிடித்தவள் என்னிடம் வந்து வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் நான், அம்மாவுக்கு என்ன குறை, ராணி மாதிரி இருக்கிறாள் என்று உன் வாயை அடைத்திருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

தர்மபுரி டெப்போவில் பென்னாகரம் டவுன் வண்டிக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மதுரை வண்டி ஓட்டியவன் மூட்டையும் கோழியும் ஏற்றி இறக்குவதா என்று நான் மூக்கைச் சுளித்தது உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாறுதல் மனு கொடுத்துவிட்டேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். கிடைத்தால் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அம்மாவிடம் சொன்னபோது, தினமும் வந்து ஒக்காந்தா உங்க அதிகாரத்தை யாருங்க தாங்கறது என்றாள், ஆனால் மூட்டையை நாற்காலியிலிருந்து எடுத்து உள்ளறையில் போட்டுவிட்டாள். இன்று பூசைக்குப் போய்வந்த பிறகு அவளாகவே சொன்னாள். பாப்பாவக் காட்டச் சொல்லுங்க. மாலையோடயே காட்டட்டும், அந்தப் படத்துல பொய்யின்னு பாத்தா அது ஒண்ணுதானே, இருந்துட்டுப் போவுது.

ஆகையால் தைரியமாகக் காட்டு. கேட்டால் அம்மா உத்தரவு கொடுத்தாள் என்று சொல். கண்ணுக்கு விளக்கெண்ணெய் வை, விளக்கு வெளிச்சத்திலேயே கிடக்கிறாய் என்று அம்மா கவலைப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மறந்துவிடாதே, அந்தச் சந்தன மாலை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடு. கூடத்துக்குப் புது பல்பு போட்டாயிற்று. கட்டிலை மறுபடி சுவரில் சாய்க்கப் போவதில்லையாம், நாளை நான் போன பிறகும் விரித்தபடியே கிடக்கட்டும் என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அப்பா,
யாகப்பன்