மந்திரி எழுதித் தந்த நர்ஸ்

நதோலோ தீவு,
செவ்வாய்க்கிழமை, மழை விட்டபின்.

அன்புள்ள லிதியானாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். எழுத்துகள் கோணலும் மாணலுமாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். மணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கிறது என்று போதகரின் மனைவி சலோதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இது முழுக்க என் கை எழுதியது. நீ அனுப்பும் கடிதங்களை அவள் சபைக்கூடத்தில் உரக்கப் படிக்க, 'உங்கள் முதுகைச் சொறிந்துவிட அங்கே யார் இருக்கிறார்கள்' என்று நீ கேட்டதை ஊரே கேட்டுச் சிரித்ததே, அன்றைக்குத்தான் அவளிடமே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இப்போது உன் கடிதத்தை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படிக்கிறேன். ஒரு வரிக்கு வெகுநேரம் ஆகிறது. ஆகட்டுமே, நல்ல வரியை ஏன் அவசரமாகப் படிக்க வேண்டும்?

நம் தென்னைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேம்பு நன்றாக வந்திருக்கிறது. உன் கோழி மட்டும் இன்னும் என்னை மதிப்பதில்லை.

இனி முக்கியமான சங்கதி. நம் தீவில் ஒரு நர்ஸ் இருந்தால், தினமும் உன் கால் புண்ணைக் கழுவிச் சர்க்கரைக்கு ஊசி போட ஆள் இருந்தால், உன்னை மறு கப்பலிலேயே வீட்டுக்கு அனுப்புவேன் என்று தலைநகர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார் அல்லவா? நம் நர்ஸ் நிலையத்தின் பூட்டு துருப்பிடித்துக் கிடப்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு நம் தீவுகளின் உறுப்பினர் விலிமைனா அதைப் பற்றி நாடாளுமன்றச் சபையில் கேட்டார். நாங்கள் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சுகாதார மந்திரி எழுந்தார். தீவு மக்களின் நல்ல மனசு, தீவு மீனின் ருசி, தன் தாத்தா ஒருமுறை இங்கே வந்தது எல்லாம் சொன்னார். நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது, நர்ஸைப் பற்றிச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். ஊர்த்தலைவர் அபகுகி ரேடியோவைப் பார்த்து, "மீனைத் தின்னுட்டு முள்ளை நமக்குப் போட்டுட்டான்யா" என்றார்.

அடுத்த கப்பலில் விலிமைனாவே வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாயால கேட்டா வாயாலயே நழுவிடுவார் மாமா. எழுதிக் கேட்போம். எழுதிக் கேட்டா எழுதித்தான் பதில் தரணும், அதுக்குக் கெடு உண்டு. அவர் பேரோட அது சபைக் குறிப்புல அச்சாகும். அப்புறம் அவரே நெனச்சாலும் அழிக்க முடியாது."

எனக்குக் கை துறுதுறுத்தது. கேள்வியை நான் எழுதுகிறேன் என்றேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அதில் கேள்வி குறைவு, திட்டு அதிகம். விலிமைனா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதைச் சபை அலுவலகம் வாங்காது மாமா. திட்டக்கூடாது, வாதாடக்கூடாது, கேட்க மட்டும்தான் செய்யலாம். எவ்வளவு சின்னதா கேட்கிறீங்களோ அவ்வளவுக்கு அவருக்கு ஒளிய இடம் இருக்காது." சின்னதாக எழுதுவதுதான் எனக்கு வருவதும். 'நதோலோ நர்ஸ் நிலையம் நடக்கிறதா? அங்கே நர்ஸ் இருக்கிறாரா?' என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார். நான் எழுதிய கேள்வி, லிதியானா! ஒரு மந்திரிக்கு!

கெடுவுக்குள் பதில் வந்தது. ஊர்க்கூடத்தில் நான்தான் எழுந்து நின்று படித்தேன். 'நதோலோ நர்ஸ் நிலையம் இயங்குகிறது. அங்கே ஒரு நர்ஸ் தங்கிப் பணியாற்றி வருகிறார்.' நான் தப்பாகப் படிக்கிறேன் என்று எல்லாரும் கத்தினார்கள். சலோதே பிடுங்கிப் படித்தாள். அதேதான்.

அபகுகி முகத்தை மிகவும் கனமாக வைத்துக்கொண்டு, "அப்ப நம்ம மண்ணுல ஒரு விருந்தாளி காலெடுத்து வச்சிருக்காங்க. வர்றவங்க தர்ற செவுசெவு காணிக்கையை நாம வாங்கலை, வரவேற்கலை, குடிக்க ஒரு கோப்பை யங்கோனா கூடக் கொடுக்கலை. மந்திரிக்குத் தெரிஞ்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வரவேற்புக்கு ஊரைக் கூட்ட மரமுரசை அடிக்க ஓடினவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த கப்பல் வந்த சனிக்கிழமை முறைப்படி எல்லாம் நடந்தது. நர்ஸ் நிலையத்தின் பூட்டின கதவுக்கு முன்னால் நல்ல பாயாக விரித்தோம். நீ பின்னிய பாய்தான், கோபிக்காதே. பன்றி அடித்து மண்ணடுப்பில் சுட்டோம். ஊர்ப் பேச்சாளன் தோமசி எழுந்து, வராத நர்ஸுக்கு ஒரு பெரிய தலைவருக்குச் சொல்வதுபோல வரவேற்புரை சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்தால் அபகுகி அபராதம் போடுவதாகச் சொல்லியிருந்தார். முதல் கோப்பையைக் காலிப் பாயின் முன் வைத்துக் கைதட்டினோம். கோப்பை அப்படியே இருந்தது. பின்னாலிருந்து உன் தங்கை, "ஐயோ, ஒண்ணுமே தொடலையே, உடம்பு சரியில்லையோ? யாராவது போய் நர்ஸைக் கூட்டிட்டு வாங்களேன்!" என்றாள். அதன்பிறகு அபராதத்தை யார் பார்த்தார்கள்? விலிமைனா கூட்டி வந்த ரேடியோக்காரர் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனார். நாடே கேட்டதாம். உன் வார்டிலும் கேட்டிருக்குமே?

நேற்று மாவட்ட அதிகாரி படகில் வந்தார். அவரும் செவுசெவு கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "பெரியவரே, கேள்வி எழுதினது நீங்கதானாமே?" என்றார். ஆமாம் என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன். அவர் குரலைத் தணித்து, "நர்ஸ் இருக்காங்கன்னு மந்திரியே எழுதிட்டார். அப்போ உங்க வீட்டம்மாவை வார்டுல வச்சிருக்க என்ன காரணம் இருக்கு? அடுத்த கப்பல்ல ஏத்தி அனுப்பச் சொல்லலாமா? இல்ல, இந்தக் கேள்வி விளையாட்டை நிறுத்துறீங்களா?" என்றார்.

லிதியானா, பென்சிலையும் தாளையும் அவர் முன் வைத்தேன். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி. நான் இப்பல்லாம் படிப்பேன்" என்றேன். அவர் பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படகு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். போகிறவரைப் பார்த்து அபகுகி, "சாப்பிட்டுப் போங்க, நர்ஸோட பங்கு அப்படியே இருக்கு!" என்று கத்தினார்.

அன்றைக்கே அடுத்த கேள்வியை எழுதிவிட்டேன். முன்னதைவிடச் சின்னது. 'அந்த நர்ஸின் பெயர் என்ன? எந்தக் கப்பலில் வந்தார்?' இரண்டுக்கும் மீனின் ருசியைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதிகாரி மிரட்டியதையும் தனியாக எழுதி விலிமைனாவுக்கு அனுப்பியாயிற்று. சபையின் இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் மந்திரி பதில் எழுதியாக வேண்டும். பெயர் எழுதினால் அந்தப் பெயருள்ள மனுஷியை இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். எழுதாவிட்டால் முன்பு எழுதியது பொய் என்று அவரே சொன்னதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சரிதான்.

இப்போது உனக்கு. உன்னைக் கப்பலில் ஏறச் சொல்லி யாராவது வந்தால் ஏறாதே. நதோலோ நர்ஸின் பெயரை எழுதித் தரச் சொல். தரும்வரை கட்டிலை விட்டு இறங்காதே. வந்துவிடு என்று எழுதத்தான் இந்த எழுத்தையெல்லாம் கற்றேன். வராதே என்று எழுத வேண்டி வந்தது. இந்த ஒரு வரியை எத்தனை முறை அழித்து எழுதினேன் என்று தாளைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. கப்பல்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் 'சுகமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்' என்று வாயால் சொல்லி அனுப்புகிறாய். கடிதத்தில் என் முதுகைப் பற்றிக் கேட்கிறாய், உன் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மந்திரியும் நீயும் ஒரே பள்ளிக்கூடமா? ஆகையால் உன்னையும் எழுதியே கேட்கிறேன். உன் கால் எப்படி இருக்கிறது? விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா? பதில் உன் கையால், உன் பெயர் போட்டு வரட்டும். எதுவானாலும் நானே படித்துக்கொள்வேன். சலோதேயிடம் கொடுக்க மாட்டேன்.

நர்ஸுக்கு விரித்த பாயைச் சுருட்டி உலர்த்தி வைத்திருக்கிறேன். அவர் வரும் கப்பலில்தான் நீயும் வருவாய். ஆண்டவர் உன்னையும் உன் காலையும் காக்கட்டும். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதிவிடுவேன், அதற்குள் எழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

உன் கணவன்,
அமினியாசி
(இதுவும் நானே போட்ட கையெழுத்து)