வெள்ளை உடுப்பைக் கண்டால் ஓடும் நாய்

திருகோணமலை
28.1.1959

அன்பு மகன் தவநேசனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் உன் உடம்புக்கும் ஒரு குறை வராமல் கோணேசர் பார்த்துக்கொள்ளட்டும். நீ மார்கழியில் எழுதிய கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. உள்ளே இருந்த படத்தை அம்மா எடுத்து அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறார், வெள்ளைக் காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட மேசும் சப்பாத்துமாக நீ ஒரு துரையைப் போல நிற்கிறாய் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இந்த முறை வாடை மழை பலம், கிணறு கட்டு மட்டத்துக்கு வந்து நின்றது, பின்வேலி விழுந்து திரும்ப அடைத்தோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் மழையோடு வந்து மழையோடு போய்விட்டது. தங்கச்சி மட்டக்களப்பில் சுகம், பிள்ளைக்குப் பல் முளைப்பதால் இராத்திரியில் ஒருவருக்கும் நித்திரை இல்லையாம். சித்திரையில் லீவில் வருகிறேன் என்று நீ எழுதியதை அம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஆனால் கடைசி வரியை மட்டும் நான் சத்தமாக வாசிக்கவில்லை. பஸ்டர் எப்படி, மற்ற நாய்கள் எப்படி என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், எல்லாம் சுகம் என்று அம்மா எழுதிக்கொண்டு வந்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் எழுதியது உண்மையில்லை. உன் மனம் நோகக்கூடாது என்று எழுதினார், அவரோடு கோபிக்காதே. நீ வந்து இறங்கிக் கண்ணால் காண்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை நான் எழுதுகிறேன்.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அதைச் சொல்லாமல் பின்னால் வந்தது விளங்காது. வெள்ளைக்கார நேவி டொக்யாட்டை ஒப்படைத்துவிட்டுப் போனபோது உவர்மலை பங்களாக்களில் கட்டில், கதிரை, பீங்கான் எல்லாவற்றையும் ஏலம் போட்டார்கள், நாய்களை ஏலத்தில் எடுக்க ஆளில்லை. சில துரைமார் போகுமுன் தங்கள் நாயைத் தாங்களே சுட்டார்கள், அது கொடுமை என்று நாம் அன்றைக்குக் கதைத்தோம். மற்றவர்கள் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறினார்கள். அந்தப் பொக்ஸர் சாதி நாய்கள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் படுத்தபடி கிடந்தன. முகம் சுவரில் மோதின நாய் என்று சனம் சிரித்ததே தவிர அநேகமாக ஒருவரும் கிட்டப் போகவில்லை. என்னைப் போலக் கிட்டப் போன ஓரிருவர் வைத்த சோற்றையும் அவை தொடவில்லை, என் வேட்டியைக் கண்டு உறுமின. கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் வெள்ளைக் காற்சட்டையோடு நீ போய் வைத்தபோதுதான் பஸ்டர் எழும்பி வந்து தின்றது. வாலை ஒட்ட வெட்டிய சாதி என்பதால் பின்பக்கம் முழுவதையும் ஆட்டிக்கொண்டு வந்தது என்று நீ வீட்டுக்கு வந்து ஆடிக் காட்டியதும் நினைவிருக்கிறது. அதிலிருந்துதான் உன் யோசனை பிறந்தது. ஏழு நாய்களையும் கூட்டிவந்து, பஸ்டரை நம் வீட்டில் விட்டு மற்றவற்றை, நிரந்தரமாக எடுப்பவர் கிடைக்கும்வரை வைத்திருக்கச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தாய், ஒவ்வொரு நாயோடும் ஏலத்தில் வாங்கிய நேவி உடுப்பு ஒன்றையும் கொடுத்தாய், சோறு வைக்கிறவர் அதை உடுத்துக்கொண்டு வைக்க வேண்டும் என்றாய். நாய்கள் தின்றன, தேறின. இரண்டு நாய்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ரயிலில் போயின, ஒன்று கோடை வெக்கையில் மூச்சு முட்டிச் செத்தது, அதெல்லாம் உனக்கு எழுதியதுதான்.

எழுதாதது இனித்தான். நீ சிங்கப்பூருக்குப் போய், நாய்கள் நம்முடைய முற்றங்களுக்குப் பழகிய பிறகும் நாங்கள் அந்த உடுப்பை விடவில்லை. நிறுத்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னேரம் ஆனால் அறுபது வயதில் நான் காற்சட்டையை மாட்டிக்கொண்டு சட்டியோடு நிற்பேன். அடுத்த ஒழுங்கை ராசமலர் ரீச்சர் சேலைக்கு மேலே அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு தன் வீட்டு டெய்ஸிக்குச் சோறு வைப்பார், மிஸ் நேவியில சேர்ந்திட்டா, இனிச் சம்பளம் பவுணிலதான் என்று ஒழுங்கையில் பகிடி விடுவார்கள், அவரும் சிரிப்பார். எங்களுக்கு அது ஒரு பெருமையாகவும் வந்துவிட்டது. ஒரு வருடமாக, வெள்ளைக் காற்சட்டை என்றால் சோறு, வெள்ளைக் காற்சட்டை என்றால் எசமான் என்று நாளுக்கு ஒரு தரம் அந்த நாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

புரட்டாதியில் சல்லிக் கிராமத்தில் மீன் விற்கும் பெண் ஒருத்தியை விசர்நாய் கடித்து அவள் தண்ணீரைக் கண்டு கத்திச் செத்தாள். அதன் பிறகு வீதியில் நிற்கும் நாய் எதுவானாலும், பட்டி கட்டியதோ கட்டாததோ, சுடலாம் என்று கட்டளை வந்தது. சுடுகிறவனுக்கு வாலைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் கூலி. இந்தச் சங்கதியைக் கேட்டு நாங்கள் சிரித்தோம் என்பதையும் எழுத வேண்டும். வாலில்லாத நாயைச் சுட்டுப்போட்டு அவன் எதைக் காட்டுவான், எங்கட பிள்ளையளுக்குப் பயமில்லை என்று ராசமலர் ரீச்சர் சொன்னார். அந்த வேலைக்கு எடுபட்டவன் இராசையா. உனக்கு அவனைத் தெரியும், ஒஃபிஸர்மாரின் சாப்பாட்டு மண்டபத்தில் காவலாளியாக இருந்தவன், டொக்யாட் மூடியதோடு வேலை போய் ஒரு வருடம் கூலிக்கு அலைந்தான். ஊரில் பாதி ஆண்களைப் போல அவனும் ஏலத்தில் வாங்கிய வெள்ளைக் காற்சட்டையும் மேசும்தான் போட்டிருந்தான்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் அவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ராசமலர் ரீச்சரின் ஒழுங்கையால் வந்து படலைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றான். அவன் கூப்பிடவில்லை, விசிலடிக்கவில்லை. டெய்ஸி வேலியைப் பாய்ந்து வீதிக்கு வந்தது, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய், சோறு வைக்கும்போது பழக்கியபடி பின்னங்காலை மடக்கி இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தது. இருந்த நாயை அவன் சுட்டான். வால் இல்லாதபடியால் காதை அறுத்து எடுத்தான், காதும் செல்லும் என்று கூலி கொடுக்கும் கந்தோரில் கேட்டு வைத்திருந்தானாம். ரீச்சர் கையில் சோற்றுச் சட்டியோடும் உடம்பில் அந்த வெள்ளைச் சேட்டோடும் படலையில் நின்று பார்த்தார். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீதியைத் தானே கழுவினார், உதவிக்குப் போன அம்மாவைக் கையால் விலக்கினார். அந்தக் கிழமையே மற்ற இரண்டும் போயின. ஒன்று கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு அவனிடம் ஓடியது. மற்றதை நான் நேரில் கண்டேன், அது முன்காலை அவனுக்குக் கொடுத்தது. பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன், திருகோணமலையில் நாய்கள் அழிக்கப்பட்டன என்று இரண்டு வரி வந்தது.

நான் இராசையாவிடம் போனேன். மீன்கடைக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றான். தம்பி, கடமையைச் செய், வேண்டாமென்று சொல்லேல்லை, அந்த உடுப்பை மட்டும் மாத்திப்போட்டு வா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. வேற உடுப்பு இருந்தா நான் ஏன் ஐயா போன துரையின்ர காற்சட்டையைப் போடுறன் என்றான். கூப்பிடவே தேவையில்லை, அதுகளே வந்து முன்னுக்கு இருக்குதுகள், எனக்குத் தோட்டா மிச்சம், அதுகளுக்கு வருத்தம் மிச்சம், மற்ற நாயளைப்போல கால் முறிஞ்சு கத்திக்கொண்டு ஓடிச் சாகேல்லையே என்றான். பிறகு, மெஸ்ஸில இருக்கேக்க இதுகளுக்கு எலும்பு போட்டவன் நான், வெள்ளையை இவ்வளவு நம்பச் சொல்லிப் பழக்கினது நானில்லை ஐயா, நீங்கள்தான் என்றான்.

பஸ்டர் ஒன்றுதான் மிச்சம். கட்டி வைத்துப் பார்த்தோம், வீதியில் யாராவது வெள்ளைக் காற்சட்டையோடு போனால் கழுத்துப் புண்ணாகும்வரை இழுத்தது, விட்ட இடத்தில் வேலியைப் பிய்த்தது. நாங்கள் பழக்கியதை நாங்களே மாற்றினால் ஒழிய அது தப்பாது என்று எனக்கு விளங்கியது. வெள்ளை உடுத்த ஒருவர் அதை அடிக்க வேண்டும். ராசமலர் ரீச்சரைக் கேட்டேன், எழும்பி உள்ளே போய்விட்டார். ஒழுங்கையில் ஒருவன் தானாக வந்து நான் அடிக்கிறன் என்றான், அவன் கண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றேன். ஆகவே நான்தான் அடித்தேன். ஒரு பின்னேரம் வழமைபோல உடுத்துக்கொண்டு, சட்டிக்குப் பதிலாகப் பூவரசங்கம்போடு முற்றத்துக்குப் போனேன். பஸ்டர் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் அடியை விளையாட்டென்று நினைத்து, கம்பை என் கையிலிருந்து வாயால் வாங்கித் திருப்பி என் காலடியில் போட்டது. இரண்டாவது அடிக்கும் ஆட்டியது. மெல்ல அடித்தால் பயனில்லை என்று கண்டேன், பிறகு மெல்ல அடிக்கவில்லை. அது உறுமவில்லை, கடிக்கவில்லை, என் முன்னால் போய் இருந்தது. இருந்தால் சோறு கிடைக்கும் என்று நாங்கள் பழக்கியிருந்தோம், ஆகவே அடிக்க அடிக்க இன்னும் நேராக இருந்தது. அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். இஞ்சாருங்கோ, காணும், இனி அடிக்காதேங்கோ என்று உள்ளே இருந்து கத்தியது கேட்டது, ஆனால் வெளியே வரவில்லை. நான் போய் இடுப்பில் நிறச் சாரம் கட்டிக்கொண்ட பிறகுதான் அவர் நிறச் சேலையோடு வந்து அதற்குச் சோறு வைத்தார். பல நாள் இப்படி நடந்தது. நாய்க்கு மணம் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும். அடித்தது நான் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

கார்த்திகையில் இராசையா எங்கள் ஒழுங்கைக்கு வந்தான். நான் விறாந்தையில் நின்றேன், பஸ்டர் தான் பிய்த்த வேலி ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றது. அவன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான். நாயின் பின்பக்கம் ஒரு தரம் ஆடத் தொடங்கியதைக் கண்டேன். பிறகு நின்றது. அது திரும்பிக் கிணற்றடிக்கு ஓடி, மூத்திரம் போய்க்கொண்டே துவைகல்லுக்குப் பின்னால் புகுந்தது. இராசையா துவைகல் பக்கம் எட்டிப் பார்த்தான். ஐயா, நல்லா அடிச்சிருக்கிறீங்கள் போல என்றான். அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை, ஒரு தொழிலாளி இன்னொருவனின் வேலையைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னான். போகும்போது, அடுத்த கிழமை சாரத்தோட வாறன் என்றான், அது பகிடியா என்று எனக்குத் தெரியாது. நான் பொறுத்திருந்து பார்க்கவில்லை.

கிண்ணியாவில் வயல் செய்யும் கலீலுர் றஹ்மான் காக்காவை உனக்கு நினைவிருக்கும், நெல் கொண்டுவந்தால் நம்மிடம் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர். அவரிடம் ஆள் அனுப்பினேன். வீட்டுக்க எடுக்க ஏலாது, வயல் காவலுக்கு எண்டா வைக்கலாம், பண்டியும் உழக்கித் தள்ளுது என்று மறுநாளே வந்து தோணியில் கொண்டுபோனார். அங்கே சுடுகிறவன் இல்லை. பஸ்டர் உயிரோடு இருக்கிறது, மெலிவு இல்லை, இராத்திரியில் பன்றியை விரட்டுகிறதாம், அவருடைய நீலச் சாரத்துக்குப் பின்னாலேயே வரம்பு முழுக்கத் திரிகிறதாம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் பள்ளிவாசலுக்குப் போய் வெள்ளைச் சேட்டோடு வந்தால் அது வயலுக்குள் மறைந்துவிடும், ஆகவே இப்போது அவர் வரம்புக்கு ஏறுமுன் மரத்தடியில் சேட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார். போன மாதம் நான் பார்க்கப் போனேன். கோடு போட்ட சாரத்தோடுதான் போனேன், கையில் மீன் தலையும் கொண்டுபோனேன். காவல் குடிலுக்குக் கிட்டப் போகுமுன்னமே அது எழும்பி எதிர்ப்பக்க வரம்பால் ஓடியது. ஐயா, காத்து உங்கட பக்கமிருந்து அடிக்குது, குறை நினையாதீங்க என்றார் காக்கா. மீன் தலையை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மழைக்கால ஈரத்தில் தலையை நனைய விடாதே, கடைச் சாப்பாட்டைக் குறை, சம்பளத்தில் தனக்கு என்று ஒன்றும் வாங்க வேண்டாம், நீ வந்தால் போதும் என்கிறார் அம்மா. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் செய்யும் வேலையில் பேரும் கிடைக்க நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே. அந்தப் படத்தில் உள்ள உடுப்போடு ஊருக்குள் இறங்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார், அவருக்காக வீட்டுக்கு அப்படி வா. கிண்ணியாவுக்குப் போகும் நாளில் நிறச் சாரம் கட்டு, வெள்ளையில் முகம் துடைக்கும் கைலேஞ்சிகூட வைத்திருக்காதே. காக்காவை முன்னால் விட்டு நீ வரம்பில் குந்தியிரு, பெயர் சொல்லிக் கூப்பிடாதே, அதற்கு இருக்கச் சொல்லிவிடாதே, சொன்னால் அது இருந்துவிடும். தானாக வந்தால் கையை மேலே தூக்காமல் கீழாலே கொண்டுபோய்த் தாடையைத் தடவு. உன்னிடம் அது வரும் என்று நான் எழுதவில்லை. வரலாம். நான் தோணித் துறையிலேயே நிற்கிறேன்.

என்றும் உன் நன்மையையே வேண்டும்
அப்பா