சேவல் முத்திரை

1957 ஜூன் 3, திங்கள்

முத்திரையைச் சந்திரமதியிடம் கொடுத்துவிட்டார் முதலாளி.

காஜா பெராங்கில் இருக்கும் இந்த மில்லில் மசாலாத் தூளை அளந்து கலந்து பொட்டலம் கட்ட வந்து எனக்கு இரண்டு வருடம். அவள் உஜோங் பாசிரிலிருந்து வந்து இரண்டே மாதம். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சேவல் செதுக்கிய பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். அதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாளி கலியாணசுந்தரம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவளிடம் சொன்னார்: "அரைச்சிட்டா உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? கடைக்காரன் சேவலப் பாத்துத்தான் வாங்குறான். கெட்டது போச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

முகர்ந்தே சொல்வேனே நான். நாலாம் வகுப்போடு நின்றவள் என்பதாலா? வாய் திறந்து கேட்காததாலா?

ஜூன் 5

கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். என்னமோ தாலி மாதிரி.

ஜூன் 14

என்னோடு பொட்டலம் கட்டும் விஜயாவுடையதைச் சந்திரமதி பிரித்துச் சுவைத்தாள். "மொளகா தூக்கலா இருக்கு லா விஜயா. யாரு மேல கோவம்?" எல்லாரும் சிரித்தார்கள்.

என்னுடையதைப் பிரிக்கவில்லை. அரக்கை ஊற்றினாள், குத்தினாள், தள்ளி வைத்தாள்.

ஜூன் 21

இன்றும் அப்படித்தான். ஒரு வாரமாகப் பார்க்கிறேன், என்னுடையது ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. நான் கட்டியது நாக்கில் வைக்கக்கூட ஆகாதோ அவளுக்கு?

ஜூலை 9

செய்துவிட்டேன்.

வறுசட்டியின் அடியில் கருகிய மல்லியைக் கொட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இடித்து, இரண்டு கை அள்ளி, ஒரே ஒரு பொட்டலத்தில் கலந்தேன். பிரித்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு தடவையாவது பிரிக்கட்டும். பிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்ளட்டும்.

பிரிக்கவில்லை.

ஜூலை 10

அந்தப் பொட்டலம் வண்டியில் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 15

பண்டார் ஹிலிரிலிருந்து கடைக்காரர் வந்து பொட்டலத்தை மேசையில் போட்டார். "என்னய்யா இது, தூளா, அடுப்புக் கரியா? கல்யாண வீட்டுல எம் மானமே போச்சு. உங்க சேவலப் பாத்தாலே இப்ப ஆளுங்க தள்ளி வைக்கிறாங்க."

முதலாளி சந்திரமதியைக் கூப்பிட்டார். "பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல முதலாளி."

"ஏன்?"

என்னைக் காட்டினாள். "தெய்வானை கட்டுனது. முடிச்சப் பாத்தாலே தெரியும். அவ கை தப்பாது, பாக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப தப்பு அவளோடதா?"

"முத்திர என்கிட்டதான இருந்துச்சு முதலாளி."

கயிற்றைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அங்கேயே நின்றேன். ஐயோ, அதுக்காகவா அவ பிரிக்காம இருந்தா?

ஜூலை 16

முதலாளி அரத்தை எடுத்துச் சேவலைத் தேய்த்தே அழித்துவிட்டார். சேவல் போட்ட பொட்டலம் எதையும் விற்க வேண்டாம் என்று கடை கடையாக ஆள் போயிருக்கிறது. சந்திரமதி மிளகாய்க் காம்பு கிள்ளுகிறாள். கண் சிவந்திருந்தது. மிளகாயால்தானா?

ஜூலை 29

புது முத்திரை வந்தது. மயில். முதலாளி அதை என்னிடம் நீட்டினார்.

"வறுத்தவன் கருக்கிட்டான், அவ பாக்காம குத்திட்டா. ரெண்டு வருஷமா நீ கட்டுனது ஒண்ணும் திரும்பி வந்ததில்ல. புடி, தெய்வானை."

எத்தனை நாள் ஆசை. கை நீளவில்லை.

"கருகுனதப் போட்டது நான் முதலாளி. வேணும்னேதான் போட்டேன்."

அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

ஜூலை 31

என்னை வேலையை விட்டு நிறுத்திவிடத்தான் முதலாளி இருந்தாராம். "இருக்கட்டும் முதலாளி, நான் பாத்துக்கிறேன்" என்று சந்திரமதி சொன்னாளாம். விஜயாதான் வந்து சொன்னாள். சந்திரமதி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கொண்டாட்டம் முடிந்து இன்று மில் திறந்தது. வாசலில் கட்டிய காகிதக் கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

மயில் சந்திரமதியின் கழுத்தில் ஆடுகிறது. இப்போது எல்லாருடையதையும் பிரிக்கிறாள். "இன்னைக்கும் மொளகா தூக்கல் லா விஜயா. இன்னும் கோவம் தீரலையா?" என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். விஜயாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

என்னுடையதையும் ஒன்று விடாமல் பிரிக்கிறாள். இரண்டு தடவை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். அப்போது தாள் பிரிகிற சத்தம் மட்டும்தான்.