ரஸ்க்கை யாரும் எடுக்கவில்லை, அக்கா

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னால் புறப்பட்டும் போய்விட்ட என் ரூத் அக்காவுக்கு,

நான் அப்போதே சொன்னேன். நம் எஸ்தருடைய சுகர் ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்கும், காலையில் எழுந்து மிஷினைப் பார்த்து அவள் சிரிப்பாள் என்று சித்தூர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான் ஒருத்தன்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு என்ன தெரியும் என்று நீயே எத்தனை தடவை கேட்டிருப்பாய். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டியவன் அரை டாக்டர், அக்கா. இப்போது முக்கால் ஆகிவிட்டேன்.

சேதி இதுதான். இன்று காலை ஆறு மணிக்கு உன் மகளுக்கு நூற்றுப் பதினெட்டு. நேற்று நூற்று முப்பத்திரண்டு. நம்புகிறாயா? நீ இருந்தவரை படுக்கும்போது நூற்றிருபது, எழும்போது இருநூற்று எழுபது. நடுவில் இருந்தது தூக்கம் மட்டும்தான். அந்தத் தூக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் நம் வீட்டில் தீராத வழக்காக இருந்தது.

பதினொரு வயதில் அவளுக்கு வந்தது டைப் ஒன். என்னைப் போல ஐம்பது வயதில் தின்று கொழுத்தவனுக்கு வருவதல்ல. உடம்பில் இன்சுலின் ஊறுவதே நின்றுபோய்விட்டது, சாகும்வரை ஊசிதான் என்றார்கள். நீ அழவில்லை. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக ஊசி குத்திப் பழகினாய். அன்றைக்குக் குழம்பில் எந்தக் காயைக் கடித்தாலும் ஓட்டை. அந்தக் கைக்கு நான் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வாங்கிக்கொள்.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிற சுகர் விடியும்போது மட்டும் ஏறினால், பெற்றவள் என்ன நினைப்பாள்?

"ராத்திரில எதையோ துன்றாடா ஜோசப்பு. இல்லன்னா எப்பிடி ஏறும்?" என்று கேட்டாய்.

"ரஸ்க் டப்பாவ எண்ணி வெய்யி அக்கா. தன்னால மாட்டிக்குவா" என்றேன்.

ஆமாம், அந்த யோசனை என்னுடையதுதான். அன்றிலிருந்து உன் சுகர் நோட்டில் புதிதாக ஒரு பத்தி விழுந்தது. இரவு சுகர் இவ்வளவு, ரஸ்க் இத்தனை. காலையில் சுகர் இவ்வளவு, ரஸ்க் இத்தனை. ரஸ்க் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "சக்கரைய எண்ண முடியுமா? ரெண்டு ஸ்பூன் போனா யாருக்குத் தெரியும்?" என்றேன். மறுநாளே சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் துன்லம்மா" என்பாள் பிள்ளை.

"அப்ப வானத்துலருந்து மன்னா அப்பம் கொட்டுச்சா?" என்பாய் நீ.

எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. குடும்ப ஜெபத்தில் நேராகத் திட்ட முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லித் தீர்ப்பது நம் வீட்டுப் பழக்கம். லெந்து உபவாச நாட்களில், கோயில் அதிகாலை ஜெபத்துக்குப் போகுமுன், அவள் விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நீ முழங்கால் போடுவாய். "கர்த்தாவே, இந்தப் பிள்ளையின் நாக்கைக் கட்டும், திருட்டுப் புத்தியை எடுத்துப்போடும்." அவளும் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஆமென் சொல்வாள். தனக்கு எதிரான ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்கிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ராத்திரி ஊசியில் ரெண்டு பாயிண்ட் ஏற்று என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? நீ ஏற்றினாய். மூன்று மணிக்குச் சுகர் ஒரேயடியாக இறங்கி அவள் வேர்த்து நடுங்கினாள். தலையணை நனைந்திருந்ததைக் கை வைத்துப் பார்த்து, பூட்டிய அலமாரியைத் திறந்து, அதே சர்க்கரையைக் கரைத்து அவள் வாயில் ஊட்டினவள் நீ. விடிந்ததும் என்னிடம், "இனிமே ஊசி பத்தி வாயத் தொறந்தினா வாசப்படி மிதிக்காத" என்றாய். அன்று நீ முழித்துக்கொண்டதால்தான் இன்று நான் இந்த நூற்றுப் பதினெட்டை எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. எஸ்தர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். திருப்பதியில் ஒரு ஆபீசில் வேலை, தினமும் பஸ். அங்கே சுகருக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, போகணும் மாமா என்றாள். ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போனேன். வழியில் நான்கு பஸ்ஸை முந்தினேன். சரி, ஒன்று. அதுவும் நின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா அவள் கையில் ரூபாய்க் காசு அளவில் ஒரு சென்சாரை ஒட்டினார். இரண்டு வாரம் இரவும் பகலும் அதுவே சுகரைப் பார்த்து போனுக்கு அனுப்பியது. போனில் தெரிந்த கோட்டை நீ பார்த்திருக்க வேண்டும், அக்கா. மூன்று மணிவரை ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. நான்கு மணிக்குத் திருமலை மலைப்பாதை மாதிரி ஏறத் தொடங்குகிறது. அப்போது பிள்ளை ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறாள்.

எழுந்திருக்கிற நேரம் நெருங்கும்போது உடம்பு தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளுமாம். கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுமாம். முதல் பஸ் பக்தர்களுக்காக இருட்டிலேயே கடை திறக்கிற டிபன் கடைக்காரன் மாதிரி என்று நான் எடுத்துக் கொடுத்தேன், டாக்டரம்மாவே அசந்துவிட்டார். சுகர் இல்லாதவர்களுக்கு இன்சுலின் ஊறி அதைச் சமாளித்துவிடும். அவளுக்குத்தான் ஊறாதே. அதனால் எதுவும் தின்னாமலே ஏறும்.

பழைய கணக்கு இருக்கிறதா என்று கேட்டார். எஸ்தர் பையிலிருந்து உன் நோட்டை எடுத்தாள். அவளே பத்திரமாக வைத்திருந்தாள் என்று எனக்கே அன்றுதான் தெரியும். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "ரஸ்க் ஏமிடி?" என்றார், இந்த ரஸ்க் என்ன என்று. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இரவு நூற்றிருபத்திரண்டு, ரஸ்க் பதினான்கு. காலை இருநூற்று அறுபத்தெட்டு, ரஸ்க் பதினான்கு. விரலை அந்த வரியில் வைத்து, "அம்மாயி தப்பேமி லேது. அம்ம ராசிந்தே சாட்சியம்" என்றார். பெண் மேல் தப்பே இல்லை, அம்மா எழுதியதுதான் சாட்சி.

திருடியைப் பிடிக்க நீ எழுதிய நோட்டு, அக்கா. அதுவே அவளை விடுவித்தது. ஒரு நாள்கூட விடாமல் எழுதினாயே, அதற்கு இன்னொரு நன்றி.

சென்சார் காட்டிய ராத்திரி மூன்று மணி அளவுகளையும் பார்த்த பிறகுதான் நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியை மாற்றி, போடும் நேரத்தையும் மாற்றினார். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். ஒவ்வொருவர் உடம்புக்கும் கணக்கு வேறு என்றார். இதைப் படிக்கிற யாரும் என் பேச்சைக் கேட்டு ஊசி அளவைத் தொடாதீர்கள். நான் தொட்டு என்ன ஆனது என்று மேலே இருக்கிறது.

திரும்பி வரும்போது டீ குடிக்க நிறுத்தினேன். எஸ்தர் நோட்டின் கடைசிப் பக்கங்களை விரித்துக் காட்டினாள். நீ போவதற்குச் சில மாதம் முன்பு ரஸ்க் பத்தி நின்றுபோயிருக்கிறது. சுகர் மட்டும் தொடர்கிறது. ஏன் நிறுத்தினாய்? கை ஓய்ந்ததா? இல்லை, நம்பிவிட்டாயா?

"மாமா, அம்மா என்ன திருடின்னு நெனச்சிக்கினே போய்ட்டாங்களா?"

என் வாய் சும்மா இருக்குமா? "இல்லடி. ஆஸ்பத்திரில எங்கையப் புடிச்சிக்கினு சொன்னாங்க. எம்புள்ள எதையும் எடுக்கலடா ஜோசப்பு, நாந்தான் பாவின்னாங்க. கண்ல தாரதாரயா தண்ணி" என்றேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஊர்வரை பாட்டு முணுமுணுத்தாள்.

அக்கா, நீ அப்படிச் சொல்லவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ போன அன்று காலை ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கீழே இழுத்து, "கொயந்த ஊசி போட்டுக்கினாளா?" என்று கேட்டாய். போட்டுக்கினா என்றேன். மாஸ்க்கை நீயே மேலே ஏற்றிக்கொண்டாய். அவ்வளவுதான். அவள் கேட்ட பெரிய கேள்விக்கு அது சின்னப் பேச்சாகத் தெரிந்தது எனக்கு. அதனால் நானே பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டேன்.

இந்தக் கடிதம் நம் சபைப் பத்திரிகையில் வரும். அவளும் படிப்பாள். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அவளை உட்காரவைத்து நீ கேட்டதை நீ கேட்டபடியே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் கூட்டமாட்டேன். இது சத்தியம்.

உன் கத்தரிக்காய்க் குழம்பில் வளர்ந்த தம்பி,
எஸ்தரின் தாய்மாமன்,
ஜோசப்